ஓணான்கரடு விருந்துக்குப் போன கதை

ஒரு காலத்தில் மலைகளுக்கு இறக்கை இருந்தது என்றும், அவை நினைத்த நேரத்தில் பறந்து போய் ஊர்களின் மேல் உட்கார்ந்து தொல்லை கொடுத்ததால் இந்திரன் அந்த இறக்கைகளை வெட்டிப் போட்டான் என்றும் சொல்வார்கள். ஆனால் வெட்டுகிறபோது அவன் கண்ணில் படாமல் தப்பித்த சின்ன மலைகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் சின்ன மலைகளைப் பற்றி யாரும் எதையுமே சொல்வதில்லை. அப்படி யாரும் எதையும் சொல்லாத ஒரு மலை திண்டுக்கல் பக்கத்தில், பூதிக்கல்பட்டி என்கிற ஊருக்குக் கிழக்கே இருந்தது. அதை மலை என்றுகூட ஊரில் சொல்ல மாட்டார்கள். கரடு என்பார்கள். கள்ளியும் சீமைக்கருவேலமும் பாறையும் ஓணானும் தவிர வேறெதுவும் இல்லாத மேடு என்பதால் அதற்குப் பெயர் ஓணான்கரடு. ஊரைப் பார்த்த அதன் முதுகு முழுசாக இருந்தது. கிழக்குப் பக்கத்தைக் குவாரிக்காரர்கள் வெடிவைத்து வெடிவைத்து, கடித்து வைத்த கொய்யாப்பழம் மாதிரி ஆக்கியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் பார்த்தார்கள். அவர்களும் வேலையைத்தான் பார்த்தார்கள்.

இந்த ஓணான்கரடுதான் ஓர் ஐப்பசி மாதத்தில் புறப்பட்டுப் போய், நியூசிலாந்து நாட்டில், மாவோரி ஜனங்கள் வாழ்கிற ஒரு பள்ளத்தாக்கில், பால்மாடுகள் மேய்கிற புல்வெளியில் உட்கார்ந்தது. ஏன் போனது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். யாரால் போனது என்பதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. நாவுக்கரசால் போனது.

நாவுக்கரசு பூதிக்கல்பட்டிப் பையன். அப்பா கருப்பணன் குவாரியில் வெடி வைக்கப் பாறையில் குழி போட்டவர், அம்மா இருளாயி ஜல்லி உடைக்கிறவள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் தமிழ்ப் பற்று மிகுந்தவராக இருந்துவிட்டதால் இந்தப் பெயர் வாய்த்தது; பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று பையன் ஐந்தாம் வகுப்பிலேயே மேடை ஏறிவிட்டான். அதற்குப் பிறகு அவன் இறங்கவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால்கூட, "அன்னமிட்ட கைகளுக்கு ஆயிரம் வணக்கம்" என்றுதான் தட்டுக்கு முன்னால் உட்காருவான். இருளாயி, "வணக்கத்த அங்கிட்டு வச்சுட்டு ரசத்த ஊத்திக்க" என்பாள். வீட்டில் பானைகளைவிடப் பேச்சுப்போட்டிக் கோப்பைகள் அதிகம் இருந்தன. எல்லாம் குவாரி முதலாளி உபயம்.

கல்லூரி முடிக்கிற வருஷத்தில், இளைஞர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் மாவட்டத்திலிருந்து எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நியூசிலாந்திலிருந்து ஆட்கள் இங்கே வருவார்கள், இங்கிருந்து இவர்கள் அங்கே போய், அந்த மண்ணின் பூர்வகுடிகளோடு தங்கி, அவர்களுடைய முறைகளையும் வழிபாட்டையும் கூட இருந்து தெரிந்துகொள்ள வேண்டும். எட்டில் ஒருவனாக நாவுக்கரசு போனான். பேகம்பூரிலிருந்து பெனாசிர் என்கிற பெண் வந்தாள். எதைச் சொன்னாலும் ஓரக்கண்ணால் அளந்து பார்க்கிறவள். பாதுகாப்புக்கு வயலட் டீச்சர் வந்தார். அவர் கணக்கு டீச்சர்.

புறப்படுவதற்கு முன்பே டீச்சர் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்: "அங்க போனதும் உங்க பேரைக் கேக்க மாட்டாங்க. உன் மலை எது, உன் ஆறு எது, உன் முன்னோர் யாருன்னுதான் கேப்பாங்க. அதைச் சொன்ன பிறகுதான் உன் பேரு. அவங்க பாஷையிலயே சொல்லணும். மனப்பாடம் பண்ணிக்கங்க. உள்ளதைச் சொன்னாப் போதும்."

பெனாசிர் உள்ளதை எழுதிக்கொண்டாள். அவள் மலை சிறுமலை. அவள் ஆறு குடகனாறு. தண்ணீர் வந்தால் ஆறு, வராவிட்டால் கிரிக்கெட் மைதானம். நாவுக்கரசு மனப்பாடம் மட்டும் செய்தான். மலை இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தான். கடல் தாண்டிப் போய், முன்பின் தெரியாத ஒரு பெருங்கூட்டத்தின் முன் நின்று, 'என் மலை ஓணான்கரடு' என்று மானமுள்ள எந்தப் பேச்சாளனாவது சொல்வானா என்று அவன் தன்னைத்தானே கேட்டான்; சொல்ல மாட்டான் என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். கைதட்டல்கூட அவனுக்குக் கேட்டது.

நியூசிலாந்து விமான நிலையத்தில் ஓர் அதிகாரி வயலட் டீச்சரின் செருப்பைக் கழற்றச் சொல்லி, அடியில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சின்னத் தூரிகையால் துடைத்து எடுத்தார். அந்நிய மண் ஒரு சிட்டிகைகூட உள்ளே வரக்கூடாதாம். அந்த அக்கறையைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள்.

மாவோரி ஜனங்களுக்கு ஊருக்கு ஊர் ஒரு பொதுவெளி உண்டு. மராயே என்கிறார்கள். செதுக்கிய மரத்தூண்களும் முகப்பும் உள்ள ஒரு பெரிய வீடு, அதற்கு முன்னால் புல்தரை, பக்கத்தில் சமையல் கூடம், சுற்றி வேலி, ஒரு வாசல். விருந்தாளி வாசலில் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் எழுப்பி அழைக்க வேண்டும். அழைக்காமல் யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. இவர்களை அழைத்தவள் ஹூயா. அறுபது வயது, கறுப்பு உடை, ரப்பர் பூட்ஸ். அவள் குரல் எழும்பியபோது பெனாசிரின் கையில் மயிர் சிலிர்த்தது. அந்தக் குரல் இவர்களை மட்டும் கூப்பிடவில்லை, இவர்களுக்குப் பின்னால் செத்துப்போன எல்லோரையும் சேர்த்துக் கூப்பிட்டது, அவர்களும் எழுந்து கூடவே நடந்து வருகிற மாதிரி இருந்தது. நாவுக்கரசு மட்டும் தன் முறைக்காக உள்ளுக்குள் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

வரவேற்றுப் பேசியவர் வீரெமு. பால் லாரி ஓட்டுகிறவர், பெரிய உடம்பு, சின்னச் சின்ன வாக்கியம். அவர் தன் மலையின் பெயரைச் சொன்னபோது இடி உருண்ட மாதிரி இருந்தது. நாவுக்கரசுக்கு அதைக் கேட்டதும் உற்சாகம் ஏறிவிட்டது. எழுந்தான். மனப்பாடம் செய்ததைத் தப்பில்லாமல் சொன்னான். காலியிடம் வந்ததும், "பொதிகை" என்றான். ஆற்றின் இடத்தில் தாமிரபரணியைச் சேர்த்தான். முன்னோர் என்ற இடத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், அகத்திய முனிவர் என்றான்.

ஜனங்கள் தலையசைத்தார்கள். வீரெமு மரியாதையாகக் கேட்டார்: "அந்த மலை உங்க வீட்டிலிருந்து தெரியுமா, தம்பி?"

"ஜன்னலைத் திறந்தால் தெரியும், ஐயா" என்றான் நாவுக்கரசு. பூதிக்கல்பட்டியிலிருந்து பொதிகை ஒரு பகல் பஸ் தூரம். அவன் வீட்டில் ஜன்னலும் கிடையாது.

வயலட் டீச்சர் குனிந்து தன் சுத்தமான செருப்பைப் பார்த்தார்.

அதன் பிறகு வரிசையாக நின்று, ஒவ்வொருவரோடும் கைபிடித்து, நெற்றியும் மூக்கும் தொட்டு ஒரு மூச்சைப் பங்கிட்டுக்கொள்வது முறை. அதுவும் முடிந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். நாவுக்கரசு ஹூயாவிடம், இடி மாதிரி உருண்ட அந்த மலைப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று பவ்யமாகக் கேட்டான். அவள் உருளைக்கிழங்கை அவன் தட்டில் வைத்தபடி சொன்னாள்: "நாயின் முழங்கை."

அவன் சிரிக்கலாமா என்று பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். நாய் படுத்து முழங்கையை ஊன்றின மாதிரி இருக்கும். சாஸ் வேணுமா?"

பெனாசிர் அவன் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னாள்: "முழங்கைக்கே இவ்ளோ கெத்து காட்டுறாங்க. உங்க ஊர்ல ஏதோ ஓணான்னு சொன்னியே, ட்ரெய்ன்ல."

"சாப்பிடும்போது பேசக்கூடாது" என்றான் நாவுக்கரசு. வாழ்க்கையில் முதல்முறையாக அப்படிச் சொன்னான்.

மறுநாள் விடிந்தபோது ஓணான்கரடு வந்திருந்தது.

வாசலுக்கு வெளியே, முறைப்படி, அழைப்புக்குக் காத்திருக்கிற விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தது. மாடுகள் அதைச் சுற்றிக்கொண்டு பால் கறக்கும் கொட்டகைக்குப் போயின. கருவேலமுள், கள்ளி, உச்சியில் முனியாண்டி கோயில், அறுபட்ட கிழக்குப் பக்கம், மேலே மூன்று ஆடுகள், எல்லாம் இருந்தன. பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்த ஹூயா ஒரு தரம் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "ஆள் வந்திருக்கு" என்று உள்ளே குரல் கொடுத்து, இன்னொரு மூட்டை உருளைக்கிழங்குக்குச் சொல்லி அனுப்பினாள். அந்த ஜனங்களுக்கு மலை நடந்தது பெரிய விஷயமாகப் படவில்லை. அவர்கள் நாட்டு மலைகளும் ஒரு பெண்மலைக்காகச் சண்டை போட்டு இரவோடு இரவாக இடம் மாறியவைதான். ஒன்று நடந்த தடத்தில் ஆறு ஓடுகிறது என்கிறார்கள். வயலட் டீச்சர் தன் பங்குக்கு, இடும்பன் இரண்டு மலைகளைக் காவடி கட்டித் தோளில் தூக்கி வந்து பழனியில் இறக்கிவைத்த கதையைச் சொன்னார். "நல்ல தோள்" என்றார் வீரெமு. வந்த மலை கேட்காமல் உள்ளே நுழையாமல் வாசலில் நின்றதுதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. வளர்ப்பு நல்ல வளர்ப்பு என்று பேசிக்கொண்டார்கள்.

விமான நிலையத்திலிருந்து தூரிகை அதிகாரியும் வந்தார். கரட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். தூரிகையைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆடுகள் மட்டும் கீழே இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆடுகள் இறங்கின. அவை இருளாயியின் ஆடுகள். நேராக நாவுக்கரசிடம் வந்து அவன் சட்டை நுனியைச் சப்பின.

"உங்களைத் தெரிஞ்ச மாதிரி இருக்கே" என்றார் வீரெமு.

"ஆடுகளுக்கு என்மேல் ஒரு பிரியம் வருவது வழக்கம், ஐயா."

"இது யாரோட மலை?" என்று அவர் எட்டுப் பேரையும் பொதுவாகக் கேட்டார். "யாரோடதுன்னு தெரிஞ்சாத்தான் ஹூயா கூப்பிட முடியும். பேர் தெரியாத விருந்தாளியை எப்படி அழைக்கிறது?"

பெனாசிர் கண்ணை இடுக்கி உச்சியைப் பார்த்தாள். முனியாண்டி கோயிலில் ஒரு டியூப்லைட் இருந்தது. வெளிச்சம் வருகிற இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு அதன்மேல் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது: உபயம், சொல்வேந்தர் க. நாவுக்கரசு.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவனிடம் மெதுவாக. "நீயாச் சொல்ற வரைக்கும் எனக்கு வேடிக்கை."

நாவுக்கரசு, "அடையாளம் தெரியவில்லை, ஐயா" என்றான்.

கரடு வாசலிலேயே நின்றது. அழைக்கப்படாத விருந்தாளிக்குச் சோறு கிடையாது, படுக்கை கிடையாது. விருந்தாளி வாசலில் நிற்கும்போது வீட்டுக்காரர்களும் தங்கள் பாட்டைப் பார்க்க முடியாது. வீரெமு பால் லாரியை எடுக்கும்போதெல்லாம் வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு தரம் தலையசைத்துவிட்டுப் போவார். இரண்டாவது முறை யாரிடமும் கேட்க மாட்டார்கள், அது மரியாதையில்லை. காத்திருந்தார்கள். பாய்விரித்து எல்லோரும் ஒன்றாகப் படுக்கிற அந்தப் பெரிய வீட்டில், தூண்களில் செதுக்கியிருந்த மூதாதைகள் எல்லோரும் சிப்பி பதித்த கண்ணைத் திறந்து நாவுக்கரசையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி அவனுக்குப் பட்டது. உண்மையில் அவர்கள் எல்லோரையும்தான் பார்த்தார்கள். மனசு குறுகுறுத்தவன் இவன் ஒருவன்தான்.

இதற்குள் கரடு இளைக்க ஆரம்பித்திருந்தது. முதலில் வாசலிலிருந்து பார்த்தால் அதற்குப் பின்னால் இருந்த பண்ணை தெரியாது. பிறகு பண்ணையின் கூரை தெரிந்தது. பிறகு மாடுகள் தெரிந்தன. "உங்க விருந்தாளி உருகிட்டு வருது" என்றாள் ஹூயா, யாரையும் குறிப்பிட்டுப் பார்க்காமல்.

இருளாயி போன் செய்தாள்.

"டேய், கரட்டக் காணம்டா."

"நல்லாத் தேடிப் பாத்தியாம்மா?"

"என்னடா கேள்வி இது, கம்மல் தொலஞ்ச மாதிரி. கரட்டக் காணங்கிறேன். விடிஞ்சா வெயிலு நேரா அடுப்படிக்கு வந்துருது."

ஊர் எப்படி இருக்கிறது என்று அவள் சொன்னாள். குவாரி ஆட்கள் வழக்கம்போல வந்து, குழியைப் பார்த்து நின்று, வந்ததற்கு அரைக் கூலி கேட்டார்கள். முதலாளி போலீசில் எழுதிக் கொடுத்தார். அங்கே காணாமல் போன மலையின் அங்க அடையாளமும் சமீபத்திய போட்டோவும் கேட்டார்கள். ஊரில் ஒருவரிடமும் கரட்டின் போட்டோ இல்லை. கல்யாண வீடியோ எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தெரிந்தது. பூசாரி வெறும் ஆகாசத்தைப் பார்த்துச் சூடம் காட்டுகிறார்.

"அப்பா எப்படி இருக்காரு?"

கருப்பணனுக்கு வெடிச் சத்தத்தில் காது போய்ப் பல வருஷம். வேலையும் அதோடு போயிற்று. "கட்டில வெளிய போட்டு அந்த எடத்தயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. சோறு வச்சா திரும்ப மாட்டேங்கிறாரு. வெயில்ல கருவாடாக் காயிறாரு. நேத்துலருந்து பச்சத் தண்ணி எறங்கல." பிறகு இருளாயியின் குரல் மாறியது. "நீ அங்க போயி என்னடா பேசுன?"

"ஒண்ணும் பேசலம்மா."

"ஒண்ணும் பேசாம இருக்கிற பிள்ளையவா நான் பெத்தேன்?"

அன்று மாலை கரடு ஒரு வீட்டின் உயரம்தான் இருந்தது. நாவுக்கரசு வீரெமுவிடம் போய், மலையின் சார்பில் தான் பேசுவதாகச் சொன்னான். 'என் மலை' என்று சொல்லவில்லை. 'மலையின் சார்பில்' என்றான். வக்கீல் மாதிரி.

எல்லோரும் கூடினார்கள். இவன் வெளியே கரட்டின் பக்கம் போய் நின்றான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் கூட்டத்தைப் பார்த்ததும் வாய் தானாகப் பழைய பாதையில் ஓடியது. "விண்ணை முட்டும் வேந்தே" என்று ஆரம்பித்தான். கரடு ஒரு முழம் இறங்கியது. "மேகம் குடைபிடிக்கும் மேருவே" என்றான். இன்னும் இரண்டு முழம். "காலம் உனக்குக் கால் கழுவும், கதிரவன் உனக்குக் கவரி வீசும்" என்றான், கண்ணை மூடிக்கொண்டு. கண்ணைத் திறந்தபோது கரடு படுத்த எருமை அளவுக்கு இருந்தது. முனியாண்டி கோயில் தீப்பெட்டி மாதிரி இருந்தது. டியூப்லைட் ஒரு தீக்குச்சி. அதில் இருந்த அவன் பெயர் எறும்புக்குத்தான் தெரியும். ஆடுகள் எப்போதோ குதித்து இறங்கி ஓரமாக நின்றன.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது. ஹூயா உள்ளே போய், விருந்தாளிகள் போர்த்திக்கொள்கிற கம்பளி ஒன்றை எடுத்துவந்து, வாசலைத் தாண்டாமல் அவனிடம் நீட்டினாள். "குளிருது அதுக்கு. போர்த்திவிடு."

பெனாசிர் சொன்னாள்: "போதும்ப்பா. இன்னும் ரெண்டு உவமை சொன்னா கூழாங்கல்லாயிரும். பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போயிரலாம்."

நாவுக்கரசு கம்பளியைப் போர்த்தப் போனான். குனிந்தபோது, அறுபட்ட பக்கத்தில் குழிகள் போட்ட கோடுகள், எருமையின் விலா எலும்பு மாதிரி, வரிசை வரிசையாகத் தெரிந்தன. அவன் கம்பளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பிறகு பேசினான், கூட்டத்தைப் பார்க்காமல், வீட்டில் ரசம் கேட்கிற குரலில்.

"இது ஓணான்கரடு. பொதிகை இல்ல. பொதிகைய நான் பஸ்ஸுலருந்துகூடப் பாத்ததில்ல. எங்க வீட்ல ஜன்னல் கெடையாது. கதவத் தெறந்தா இதுதான் தெரியும்."

வயலட் டீச்சர் இங்கிலீஷில் சொன்னார். கணக்கு டீச்சர் ஆகையால் ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

"இந்தக் குழியெல்லாம் எங்கப்பா போட்டது. எல்லாம் இல்ல. நெறைய. விழுந்த கல்ல எங்கம்மா ஒடச்சாங்க. என் சட்ட, என் பீஸு, நான் வாங்குன கப்பு எல்லாம் இதுலருந்து வந்துச்சு. பாதி மலைய நாங்க தின்னுட்டோம். தின்னது நாங்கதான்னு எப்படிச் சொல்றது? அதான் வேற மலையச் சொன்னேன். இதோட பேரு எனக்கு அசிங்கமா இருந்துச்சு. அதுவும்தான்."

அதற்கு மேல் அவனிடம் எதுவும் இல்லை. இரண்டு நிமிஷத்துக்குள் முடித்த அவனுடைய முதல் பேச்சு அது. நன்றி கூறி விடைபெறவும் மறந்துவிட்டான்.

கரடு உடனே வளரவில்லை. பசியோடு படுத்திருந்த ஆள், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது நிஜம்தானா என்று பார்த்து, கையை ஊன்றி, மெல்ல எழுந்து உட்காருகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. ஹூயாவின் குரல் அப்போது எழும்பியது. ஓணான்கரடு என்கிற பெயரைத் தன் நாக்குக்கு வசப்பட்டபடி அவள் சொன்னாள். அந்த ஆறு எழுத்துகளும் பள்ளத்தாக்கில் உருண்டு, எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தன. கருவேலமும் கள்ளியும் முனியாண்டியும், வெடியில் செத்துப்போன பூதிக்கல்பட்டிக்காரர்கள் எல்லோரும் கூட வர, கரடு வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. வாசல் எப்படிக் கொண்டது என்று யாரும் கேட்கவில்லை. பேச்சுக்குப் பின்னால் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பது முறை. முனியாண்டி பொங்கலுக்கு ஒலிபெருக்கியில் போடுகிற பாட்டை நாவுக்கரசு ஆரம்பித்தான். மற்ற ஏழு பேருக்கும் பாதிதான் தெரியும். தெரிந்த பாதியைச் சத்தமாகப் பாடினார்கள்.

பிறகு அந்த ஊர் ஜனங்கள் முழுவதும், குழந்தைகள் உட்பட, வரிசையில் நின்று, ஒவ்வொருவராகப் பாறையில் நெற்றியும் மூக்கும் வைத்தார்கள். பாறை திண்டுக்கல் வெயிலின் சூட்டோடு இருந்தது. குளிர் இன்னும் விடாத ஊர் ஆகையால் சில பேர் மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள்.

வீரெமு அறுபட்ட பக்கத்தைக் கையால் தடவினார். "எங்க முழங்கையிலும் ஒரு துண்டு இல்ல" என்றார். "ரயில் பாதைக்குப் போச்சு. எடுக்கறதுக்கு எங்க தாத்தாவும் கூலிக்குப் போனார்." அவ்வளவுதான் சொன்னார். பால் எடுக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

வரவேற்பு முடிந்த விருந்தாளி வீட்டு ஆள் ஆகிவிடுகிறான். பாத்திரம் கழுவ வேண்டும். நாவுக்கரசு கழுவினான். கரட்டுக்குக் கன்றுகளுக்குக் காற்றை மறைத்து நிற்கிற வேலை கொடுத்தார்கள். அது ஒழுங்காகச் செய்தது. இவன் கழுவிய தட்டுகளில் கொழுப்பு ஒட்டியிருக்கிறது என்று ஹூயா திருப்பி அனுப்பினாள்.

புறப்படுகிற அன்று காலை எல்லோரும் விடைபெற்றுப் பேசினார்கள். நாவுக்கரசு கரட்டிடம் போனான். விஷயம் தெரிந்துகொண்ட இருளாயி முந்தின நாள் போனில், "கரடு வந்தா நாளைக்கே வெடி வைப்பாங்க. வராட்டி உங்கப்பன் போய்ச் சேந்துருவாரு. நீயே பேசிக்க, பேச்சுக்காரன்தானே" என்று சொல்லியிருந்தாள். ஒட்டியும் வெட்டியும் எத்தனையோ தலைப்பில் பேசியவனுக்கு இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. இரண்டையும் அப்படியே கரட்டிடம் சொன்னான். ஊர் வழக்கப்படி, "போயிட்டு வர்றேன்" என்றான். வேன் கிளம்பியபோது திரும்பிப் பார்த்தான். கன்றுகள் அதன் நிழலில் படுத்திருந்தன. அவனுக்குக் கரட்டின்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பூதிக்கல்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கரடு அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஆனால் திரும்பி உட்கார்ந்திருந்தது. முழு முதுகு கிழக்கே குவாரிக் குழியைப் பார்த்திருக்க, அறுபட்ட முகம் ஊரைப் பார்த்திருந்தது. எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் எதிரே அதுதான். வெள்ளையும் சாம்பலுமாக, செங்குத்தாக, குழிக்கோடுகள் மேலிருந்து கீழ்வரை. காலங்காலமாக அந்தப் பக்கம் வேலை செய்தவர்களே முதல்முறை பார்க்கிறவர்கள் மாதிரி பார்த்தார்கள். கோலம் போட வந்த பெண்கள் புள்ளியை மறந்து நின்றார்கள். டீக்கடைக்காரர் கரட்டுக்கு முதுகு காட்டுகிற மாதிரி பெஞ்சைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். யாரும் உட்காரவில்லை, மறுபடியும் நேராகப் போட்டார்.

கருப்பணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் சோற்றுத் தட்டு. மகன் வந்ததை அவர் பார்க்கவில்லை. ஒரு கையில் உருண்டையைப் பிடித்தபடியே, மறு கையை நீட்டி, காது கேட்காதவர்கள் பேசுகிற பெருங்குரலில் தெருவுக்கே சொன்னார்: "அந்தா, அந்தக் கறுப்பு வரிக்குக் கீழ. அது நான் போட்டது. பதினெட்டுக் குழி. நூல் புடிச்ச மாதிரி இருக்கா இல்லையா?"

எதிர்வீட்டுக்காரி, "அதுக்குப் பக்கத்துல கோணலா இருக்கே, அது எங்க வீட்டுக்காரரு" என்றாள். "குடிச்சிட்டுப் போட்டிருப்பாரு."

"கோணல் எங்க மாமாது. அங்கதான் செத்தாரு" என்றது இன்னொரு வாசல்.

கருப்பணனுக்கு அது கேட்கவில்லை. அவர் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வரிசையைத் தேடிக்கொண்டிருந்தார். இருளாயி தட்டில் ரசம் ஊற்றினாள்.

மறுநாள் காலை குவாரிச் சங்கு ஊதியது. ஒருவரும் வேலைக்குப் போகவில்லை என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். நாவுக்கரசை இப்போதும் மேடையில் கூப்பிட்டு இதைச் சொல்லச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் அப்படி முடித்தால் மண்டபம் இடிகிற அளவுக்குக் கைதட்டல் விழும் என்று அவனுக்குத் தெரியும், நாக்கு நுனிவரை வந்தும் விடும். ஆனால் அப்படிச் சொன்னால் பூதிக்கல்பட்டியில் கரடு ஒரு முழம் இறங்கும், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சொல்லிட்டியாடா?" என்று போன் செய்வாள். அதனால் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவான். போனார்கள். சோறு வேண்டுமே, போனார்கள். பாதிப் பேர் வேறு குவாரிக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் எல்லார் வாசலும் பார்த்துக்கொண்டிருக்க, கரட்டின் அந்த அறுபட்ட சுவருக்கு எதிரே போய் நின்று, அன்றைக்கு முதல் குழியை யார் போடுவது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.